கடற்கரை ஆர்.சி. பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு: அரசியலமைப்பு விழுமியங்களை எங்கிருந்து தொடங்குவது

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில் சேர்ந்த சில நாளிலேயே எச்.எம். ஒரு பொறுப்பை உங்கள் தலையில் கட்டுவார்: "ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ரெண்டையும் நீங்க பாத்துக்கங்க டீச்சர்." நீங்களும் மூவர்ண ரிப்பனும் காந்தி வேடத்துக்குக் கண்ணாடியும் வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசியலமைப்பின் முகப்புரை சொல்கிற நான்கையும் பிள்ளைகள் விழா மேடையில் கற்பதில்லை. யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம், பிரேயரில் யாரைக் கட்டாயப்படுத்துகிறோம், கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்ற யாரை அனுப்புகிறோம் என்பதைப் பார்த்துத்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாட்டைக் கற்றுக்கொள்கிறது. பள்ளி நடக்கிற முறைதான் முதல் பாடம். அதை ஒழுங்கு செய்வதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். கடல் பார்க்காத ஊர்களிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் வகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொண்டி, பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே பெஞ்சில் கத்தோலிக்க மீனவர் வீட்டுப் பிள்ளையும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும், இந்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கக் கூடும். மண்டபம் பக்கம் என்றால் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள். முதல் இரண்டு வாரம் பாடத்தோடு பாடமாகச் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா விசைப்படகிலா, நாட்டுப்படகிலா? அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறாரா, கருவாட்டுக் கொட்டகைக்குப் போகிறாரா? எந்தப் பண்டிகைக்குப் பிள்ளை லீவு போடும்? சாதியை மட்டும் கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பது பதிவேட்டோடு இருக்கட்டும்.

இன்னொன்றும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கிற ஜூன் மாதத் தொடக்கத்தில் பல வீடுகளில் கையில் காசே இருக்காது. அந்த நேரம் பார்த்து "விழாவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய்" என்று வசூலுக்குப் போனால், கொடுக்க முடியாத பிள்ளை வகுப்பு முன்னால் கூனிக் குறுகி நிற்கும். அதன் பிறகு நீங்கள் சமத்துவம் பற்றி என்ன பேசினாலும் அந்தப் பிள்ளைக்கு ஏறாது.

உட்கார வைக்கும் முறைக்குப் பக்கத்துப் பாம்பன் தீவிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அப்துல் கலாம் ராமேஸ்வரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, தொப்பி அணிந்த அவரும் பூணூல் அணிந்த அவருடைய நண்பர் ராமநாத சாஸ்திரியும் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். நண்பர் அழுதுவிட்டார். ராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்களான அந்த நண்பரின் அப்பா, பட்சி லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனங்களில் இந்த நஞ்சைப் பரப்பாதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியை விட்டும் தீவை விட்டும் போய்விடுங்கள் என்று கண்டித்தார். ஆசிரியரும் மனம் மாறினார். கலாமே சொன்ன சம்பவம் இது. பிரித்து வைத்தவர் புதிதாக வந்த ஆசிரியர், திருத்தியவர் ஊர்ப் பெரியவர். வெளியிலிருந்து வருகிற நாம் இங்கே எதையும் புதிதாக நட வேண்டியதில்லை. இருப்பதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே இருக்கையை மாதா மாதம் சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். "நல்லாப் படிக்கிற பிள்ளைங்க முன்னால" என்பதையும் விட்டுவிடுங்கள். அதுவும் ஒருவகைப் பிரிவினைதான்.

காலை பிரேயர்

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. தமிழ்த்தாய் வாழ்த்து, இறைவேண்டல், உறுதிமொழி, செய்தி, நாட்டுப்பண் என்று ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கும். அதில் இறைவேண்டல் எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் எந்தப் பிள்ளையையும் பெற்றோரின் இசைவில்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. இரண்டும் நம் பள்ளிக்குரியவை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

திருச்சபையே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்விப் பிரிவு நாட்டிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வழிகாட்டு நெறிகளை அனுப்பியது. முகப்புரையைக் காலைக் கூட்டத்தில் நாள்தோறும் வாசிக்கச் செய்யுங்கள், பள்ளியின் முகப்பில் வையுங்கள், பிற சமயப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்காதீர்கள் என்பவை அதில் உள்ளன. இதைச் சொல்ல யாரிடமும் தயங்க வேண்டாம். உங்கள் பள்ளியில் இன்னும் தொடங்கவில்லை என்றால் எச்.எம். சிஸ்டரிடம் இதையே காட்டிப் பேசுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லக்கூடிய பொதுவான இறைவேண்டல் ஒன்று, அதன் பின் ஒரு நிமிட மௌனம். கடலுக்குப் போன அப்பாக்களுக்காக, நோயில் கிடக்கும் பாட்டிக்காக, அவரவர் தெய்வத்திடம் அவரவர் கேட்டுக்கொள்ளட்டும். சிலுவை அடையாளம் போடுகிற பிள்ளை போடட்டும், மற்ற பிள்ளைகளைப் பார்த்து "கையைக் கூப்பு" என்று அதட்ட வேண்டாம்.

முகப்புரை சிறு பிள்ளைகளின் வாய்க்குப் பெரியது. முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்தால் வாய்ப்பாடு மாதிரி ஓடிவிடும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு "இந்திய மக்களாகிய நாம்" என்ற தொடக்கம் போதும். மூன்றாம் வகுப்புக்கு அந்த நான்கு சொற்கள். நான்கும் ஐந்தும் முழுவதையும் வாசிக்கட்டும், பார்த்தே வாசிக்கட்டும். வாரம் ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். "நேத்து கபடியில என்னைய ஆட்டத்துக்குச் சேத்துக்கிட்டாங்க, அதான் சகோதரத்துவம்" என்று ஒரு பொடிசு மைக்கில் சொல்லும்போது மற்ற வகுப்புகளும் காது கொடுக்கும்.

நாட்டுப்பண் 52 விநாடி. எல்லாரும் அசையாமல் நிற்கப் பழக்குங்கள். சமய நம்பிக்கை காரணமாகப் பாடாமல் மரியாதையோடு நின்ற கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வரிசையில் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது.

மறைக்கல்வி நேரம்

கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமய வகுப்புக்கு, போகும்போது மற்றவர்களுக்கு நீதிபோதனை. பல இடங்களில் அந்த நீதிபோதனை ஒப்புக்கு நடக்கிறது: "சும்மா எழுதிட்டு இருங்க" என்று விட்டுவிடுவார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான். அந்த வகுப்புக்கும் பாடத்திட்டம், பொறுப்பாசிரியர், கதைப் பெட்டி எல்லாம் வேண்டும். யார் எந்த வகுப்புக்குப் போவது என்பதை ஜூன் மாதத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊரில் யாராவது "மதம் மாத்துறாங்க" என்று கிளப்பினால் அந்தக் காகிதமே பதில் சொல்லும்.

மறைக்கல்வி எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவர் அவனுடைய இனத்தார் இல்லை. வேறு சமயத்தாரை மதிப்பது பற்றித் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்கள் கூட்டத்தில் விரிவாகவே பேசியிருக்கிறது. அரசியலமைப்பு சொல்லும் சகோதரத்துவம் நம் விசுவாசத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது.

படகை வைத்தே சட்டத்தைச் சொல்லுங்கள்

நீதி, சட்டம் என்பதெல்லாம் நகரத்துப் பிள்ளைக்குப் போக்குவரத்து விளக்கை வைத்துச் சொல்வார்கள். பாம்பன் தீவுப் பிள்ளைக்கு அது எதற்கு? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சட்டம் கடலில் இருக்கிறது. இந்தப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டு தொழிலுக்குப் போகிறார்கள். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போடக் கூடாது. இதற்கென்று 1983ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் ஒரு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இந்த நாள் கணக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

கரும்பலகையில் ஏழு நாட்களையும் எழுதுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளை நாட்டுப்படகுக்காரர்களாகவும், நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகளை விசைப்படகுக்காரர்களாகவும் பேசச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் கூச்சல்தான். பிறகு ஒரு பிள்ளை, "எல்லா நாளும் அவங்களே போனா எங்க வலை அறுந்துபோகும் டீச்சர், நாங்க என்னத்தச் சாப்பிடுறது?" என்று எதிர்த் தரப்பின் வலியைத் தன் வாயால் சொல்லும். அப்போது கேளுங்கள்: விதியே இல்லையென்றால் யார் ஜெயிப்பார்? பெரிய எஞ்சின் வைத்திருப்பவர். அப்படியானால் விதி யாருக்காக? இந்த இடத்தில் வகுப்பு தானாக அமைதியாகிவிடும். நீதி என்ற சொல்லைப் பலகையில் அப்போது எழுதினால் போதும்.

சுற்றுச்சூழல் கடமைக்கும் இதேபோல் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இருக்கிறது. காட்டையும் நீர்நிலையையும் உயிர்களையும் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆவுளியா என்கிற கடல்பசுவும் கடல் அட்டையும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. ஆனால் ஓர் எச்சரிக்கை. "உங்க வீட்ல யாராவது அட்டை பிடிப்பாங்களா?" என்று மட்டும் வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். பிள்ளை உண்மையைச் சொன்னாலும் சிக்கல், மறைத்தாலும் சிக்கல். பிள்ளையைத் தன் தகப்பனுக்கு எதிரான சாட்சியாக்குவது நம் வேலையில்லை.

வகுப்புத் தலைவர் தேர்தல்

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஜூலையில் நடத்துங்கள். ஆசிரியர் கை காட்டுகிற பிள்ளை லீடர் என்ற வழக்கத்தை அதோடு முடித்துவிடுங்கள். போட்டியிடும் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னம் வரையட்டும்: நங்கூரம், துடுப்பு, நண்டு என்று அவர்களே எடுப்பார்கள். பழைய பால்பவுடர் டின் மூன்றின் மூடியில் துளை போட்டு, சின்னத்தை ஒட்டி, மேசைக்குப் பின்னால் சேலைத் திரைக்குள் வையுங்கள். ஓட்டுப் போட வருகிற பிள்ளையின் பெயரைப் பட்டியலில் பார்த்து டிக் அடித்து, இடது ஆள்காட்டி விரலில் மார்க்கர் புள்ளி வைத்து, ஒரே ஒரு சிப்பி கொடுங்கள். சிப்பி டின்னில் விழும்போது எந்த டின் என்று வெளியே சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அடியில் துணி போட்டு வைப்பது அதனால்தான். ரகசிய வாக்கு ஏன் ரகசியம் என்று விளக்க அந்தத் துணியே போதும்.

எண்ணுவது எல்லார் கண் முன்னாலும் நடக்கட்டும். தோற்ற பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கட்டாயம் கொடுங்கள், நூலகமோ தண்ணீர்ப் பானையோ. ஜெயித்தவரிடம் மாதம் ஒருமுறை வகுப்பு கேள்வி கேட்கட்டும். ஒரு மாதம் பையன் என்றால் அடுத்த மாதம் பெண்பிள்ளை என்று வையுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

சாப்பாடும் துடைப்பமும் கையிலுள்ள கயிறும்

காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காலையும் மதியமும் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நீங்களும் அதே வரிசையில் தட்டோடு உட்காருங்கள். யார் யாரோடு உட்கார மறுக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

கழிப்பறை, வகுப்பறைச் சுத்தம் எல்லாவற்றுக்கும் வாரப் பட்டியல் போட்டு, அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வரட்டும். பெண்பிள்ளைகள் கூட்டுவது, பையன்கள் பெஞ்ச் தூக்குவது என்ற பிரிவினையும் போகட்டும். கழிப்பறைப் பக்கம் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் அனுப்புவது குற்றம். பாடப்புத்தகத்தைத் திறந்ததும் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். மணிக்கட்டில் சாதி அடையாளக் கயிறு கட்டிக்கொண்டு வருவது பெரிய வகுப்புகளில்தான் என்று நினைக்காதீர்கள், அண்ணனைப் பார்த்துத் தம்பியும் கட்டுவான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்கிறது. பிள்ளையைத் தனியே அழைத்து அவிழ்க்கச் சொல்லுங்கள், அன்று மாலையே வீட்டில் பேசுங்கள். மாதா கயிறு, கோயில் கயிறு, தர்கா கயிறு என்றும் பிள்ளைகள் கட்டியிருப்பார்கள். எது எது என்று ஊர் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதிமொழி சொல்லாமல் நிற்கும் முகாம் பிள்ளை

"இந்தியா எனது நாடு" என்று எல்லாரும் சொல்லும்போது முகாம் பிள்ளை ஒன்று வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். தமிழ்நாட்டிலேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, குடியுரிமை மட்டும் இல்லாத பிள்ளைகள் உண்டு. வரிசையில் நிறுத்தி ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். சத்தமாகச் சொல்கிற பிள்ளையிடம் "உனக்கு இது நாடில்லையே" என்று யாராவது சொன்னால் உடனே தடுங்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் உறுதியான ஒன்று இருக்கிறது. சட்டத்தின் முன் சமம் என்கிற 14ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை, இந்த மண்ணிலிருக்கும் எந்த மனிதருக்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. உயிருக்கும் மனச்சான்றுக்குமான உரிமைகளும் அப்படியே. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்கிறது 21அ. "இந்தப் புத்தகத்துல உனக்கும் இடம் இருக்குடா" என்று நீங்கள் சொல்வது ஆறுதல் வார்த்தை இல்லை, சட்டம். முகாம் பிள்ளைகளின் பேச்சு வழக்கைக் கிண்டல் செய்வதையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

"எங்கப்பாவ நேவி பிடிச்சுட்டுப் போயிட்டாங்க"

இந்தக் கரையில் இந்த வாக்கியம் எந்தக் காலையிலும் உங்கள் வகுப்பில் ஒலிக்கலாம். அன்றைக்கு வகுப்பு முழுக்கக் கோபமாக இருக்கும். பெரிய பிள்ளைகள் இலங்கைக்காரர்களை ஒட்டுமொத்தமாகத் திட்டும். பாடத்தை ஒதுக்கிவிட்டு முதலில் அந்தப் பிள்ளையைப் பாருங்கள்: சாப்பிட்டதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், அடுத்த சில வாரங்களுக்கு நோட்டு, சீருடைக்கு என்ன வழி. பங்குத்தந்தையிடமும் எச்.எம்.மிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கோபத்தை அடக்காதீர்கள், அதற்கு வழி மட்டும் காட்டுங்கள். நாட்டை நேசிப்பதற்குப் பக்கத்து நாட்டுப் பிள்ளையை வெறுக்க வேண்டியதில்லை என்று சொல்ல இங்கே கச்சத்தீவு இருக்கிறது. அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் படகுகள் போகின்றன. ஒரே திருப்பலி, ஒரே தமிழ். போய் வந்த தாத்தாவோ அம்மாவோ வகுப்புக்கு வந்து பேசட்டும். நீதி வேண்டும் என்று கேட்பதற்கு வழி இருக்கிறது என்பதையும் காட்டுங்கள்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதிப் பழகலாம். அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும்.

கடைசியாக, விழா

ஆகஸ்ட் 15 நமக்கு மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும்கூட. மாதா கோயிலில் திருப்பலி, பள்ளியில் கொடியேற்றம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இரண்டின் நேரத்தையும் தனித்தனியாக அறிவியுங்கள். முஸ்லிம், இந்துப் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு வந்தால் போதும், திருப்பலி முடியும்வரை வாசலில் காத்து நிற்கும்படி ஆகக் கூடாது.

அப்போது ஆடிக் காற்று முழுதாக ஓய்ந்திருக்காது, உப்புக் காற்றில் கம்பத்து உருளை துருப்பிடித்துச் சுற்றாது. முந்தின நாளே எண்ணெய் விட்டு, கயிறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஓரம் கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது. 2002ஆம் ஆண்டின் கொடி விதிகள்படி அதைத் தனியிடத்தில் மரியாதையோடு, எரித்தோ வேறு தக்க முறையிலோ அப்புறப்படுத்த வேண்டும். விழா முடிந்ததும் தரையில் கிடக்கிற காகிதக் கொடிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் பொறுக்குங்கள்.

அன்றைக்கே ஊராட்சியில் கிராமசபை கூடும். ஐந்தாம் வகுப்பில் விருப்பமுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு போய் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று நாலு வரி எழுதி வரட்டும். நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்கு நடனம் வேண்டாம், 1949இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாள் அது. மாணவர்கள் தங்கள் வகுப்புக்கு ஐந்து விதிகளை அவர்களே பேசி, ஓட்டுப் போட்டு, எழுதி, கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டட்டும். அதில் ஆசிரியருக்கும் ஒரு விதி இருக்கட்டும்.